கற்பனை உலகுக்கு ஓர் எழுத்துக் குடும்பம்: தொடக்கக்காரர்களுக்கான வழிகாட்டி

கதைக்கென ஓர் உலகத்தை உருவாக்குகிறவர்கள் வரைபடம் போட்டு, அரச பரம்பரையை எழுதி முடித்த பிறகுதான் எழுத்துக்கு வருகிறார்கள். வெள்ளைத் தாளில் அழகான வளைவுகளை வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரு தமிழ் எழுத்துக்கோ ஆங்கில எழுத்துக்கோ ஈடாக வைத்துவிடுகிறார்கள். பக்கத்து நாட்டுக்கு இன்னொரு தாள், இன்னொரு வகை வளைவு. இப்படிக் கிடைப்பது சங்கேதக் குறியீடு, எழுத்துமுறை அல்ல. இரண்டு நாடுகளும் நானூறு ஆண்டுகளாகப் பெண் கொடுத்து, பெண் எடுத்து, சண்டையும் போட்டுக்கொண்டு எல்லையோரம் வாழ்கின்றன என்று கதை சொல்கிறது. அவற்றின் எழுத்துகளோ ஒன்றை மற்றொன்று பார்த்ததே இல்லை என்கின்றன.

உலக வரலாற்றில் எழுத்தைப் புதிதாகக் கண்டவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொண்டவர்கள். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வணிகம் செய்த பினீசியரிடமிருந்து கிரேக்கர் வாங்கினார்கள். கிரேக்க எழுத்திலிருந்து லத்தீனும் சிரில்லிக்கும் வந்தன. பினீசிய எழுத்திலிருந்தே கிளைத்த அரமேய எழுத்து ஒரு பக்கம் எபிரேயமாகவும் அரபியாகவும் ஆனது. இன்னொரு பக்கம் மத்திய ஆசியாவின் சோக்தியர், உய்குர் மக்கள் வழியாக மங்கோலியப் புல்வெளி வரை போனது. பிராமியின் பிள்ளைகள் திபெத்திலிருந்து ஜாவா வரை பரவிக் கிடக்கின்றன.

எனவே நீங்கள் கையால் வரைய வேண்டியது ஒரே ஓர் எழுத்துமுறை: தாய். அதற்கு என்னென்ன நேர்ந்தது என்பதை வரிசையாக எழுதி, அந்த நிகழ்வுகளை ஒவ்வோர் எழுத்தின் மீதும் செலுத்தினால் மகள்கள் பிறப்பார்கள். இந்தக் கட்டுரையில் உமரி என்ற கற்பனைத் தாயெழுத்தையும் அதன் மூன்று வழித்தோன்றல்களையும் படிப்படியாக உருவாக்கிப் பார்ப்போம். உடன் உண்மை வரலாற்றையும் வைத்துக்கொள்வோம். ஐயம் வரும்போதெல்லாம் அதைக் கேட்பதே நல்லது. நம் கற்பனையைவிட அதற்குத் துணிச்சல் அதிகம்.

1. ஒலிகளைப் பட்டியலிடுங்கள்

எழுத்துக்கு முன் மொழி. முழு இலக்கணம் தேவையில்லை. ஒவ்வொரு மொழியிலும் உள்ள ஒலிகளின் பட்டியல் போதும். மொழிகள் உறவுள்ளவையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சொல்லப்போனால் உறவில்லாத மொழிகள் ஒரே எழுத்தை வாங்கும்போதுதான் சுவையான சிக்கல்கள் வருகின்றன.

நமது உமரி மொழிக்கு 16 ஒலிகள்: க, ச, ட, த, ப, ம, ந, ய, ர, ல, வ, ஸ, ஹ என்ற 13 மெய்கள், அ, இ, உ என்ற 3 உயிர்கள். கடற்கரையில் உப்பு விற்கும் மக்கள். மலைநாட்டுத் தொவா மொழியில் ட, ஹ இரண்டும் கிடையாது. ழ, எ உண்டு. ஆற்றுச் சமவெளியின் எசாலி மொழியில் ச, ஸ இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆனால் ஜ, ஃப உண்டு. தொலைவில் ஒட்டகச் சாத்துகளோடு அலையும் மிந்தார் மக்களின் மொழியில் ஃப இல்லை. இந்த இல்லை, உண்டு என்னும் கணக்குதான் பின்னால் நமக்கு வேலை செய்யப் போகிறது. நன்றாகக் குறித்து வையுங்கள்.

2. தாயை வரையுங்கள்

முதலில் எழுத்தின் வகையை முடிவு செய்ய வேண்டும். ஓர் அசைக்கு ஒரு குறியா, மெய்க்கு மட்டும் குறியா, தமிழ்போல மெய்யின் மேல் உயிர்க்குறி ஏறும் முறையா, உயிரும் மெய்யும் தனித்தனியாக நிற்கும் முறையா? தமிழ் வாசகர்களுக்கு உயிர்மெய் முறை பழகியது என்பதால் அதையே பலர் எடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால் முதல் முயற்சிக்கு உயிரும் மெய்யும் தனித்தனியாக நிற்கும் முறையே எளிது. உமரிக்கும் அதையே வைத்துக்கொள்வோம்.

கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் பென்சிலும் போதும். அழகைப் பற்றி இப்போது நினைக்கவே கூடாது. உமரியைக் கல்லில் உளியால் வெட்டுகிறார்கள். ஆகவே நான்கே உறுப்புகள்: நிலைக்கோடு, கிடைக்கோடு, சாய்கோடு, அரைவட்டம். எந்த எழுத்தும் மூன்று வெட்டுக்கு மேல் போகக் கூடாது. அசோகர் கல்வெட்டுகளின் பிராமியைப் பார்த்தால் இந்தச் சிக்கனம் புரியும். அங்கே க என்பது வெறும் கூட்டல் குறி. தமிழின் க, தெலுங்கின் க, தேவநாகரியின் க, பர்மிய எழுத்தின் க எல்லாமே அந்தக் கூட்டல் குறியிலிருந்து வளர்ந்தவை. கைகளும் கால்களும் அதற்குப் பிறகு முளைத்தன. தாய் எளிமையாக இருந்தால்தான் மகள்கள் வேறுபட இடம் இருக்கும். தாயையே அலங்காரமாக வரைந்துவிட்டால் அதற்குமேல் எங்கும் போக முடியாது.

உமரியின் மூன்று எழுத்துகளை மட்டும் இங்கே பார்ப்போம். கடைசி வரை இவற்றையே பின்தொடரலாம்.

க: ஒரு நிலைக்கோடு, அதன் உச்சியிலிருந்து வலப்பக்கம் ஒரு கிடைக்கோடு.
த: அதே நிலைக்கோடு, கிடைக்கோடு நடுவிலிருந்து.
ப: அதே நிலைக்கோடு, கிடைக்கோடு அடியிலிருந்து.

வேண்டுமென்றே இவ்வளவு ஒத்த வடிவங்களைக் கொடுத்திருக்கிறேன். 16 எழுத்துகளில் இப்படிப்பட்ட ஒரு கூட்டமாவது இருக்கட்டும். ஒன்றிரண்டு எழுத்துகள் வேறு எதையும் ஒத்திராமல் தனித்து நிற்கட்டும். எல்லா எழுத்துகளும் ஒரே சூத்திரத்தில் அடங்கினால் ஒரே ஆள் ஒரே நாளில் உட்கார்ந்து செய்தது என்று வாசகனுக்குத் தெரிந்துவிடும். 15ஆம் நூற்றாண்டுக் கொரியாவில் மன்னர் செஜோங் காலத்தில் அப்படித் திட்டமிட்டே ஹங்குல் உருவானது. அது விதிவிலக்கு என்பதாலேயே புகழ்பெற்றது.

3. குடும்ப மரமும் கால வரிசையும்

யார், யாரிடமிருந்து, எப்போது, எதற்காக வாங்கினார்கள்? ஒவ்வொரு கிளைக்கும் இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒரு வரி பதில் எழுதுங்கள். நமது கணக்கு இது: உமரி எழுத்து தோன்றியதிலிருந்து எண்ணினால், 150ஆம் ஆண்டில் தொவா மக்கள் உப்பு வணிகரிடமிருந்து வாங்கினார்கள், கணக்கு வைக்க. 400ஆம் ஆண்டில் எசாலி மக்கள் உமரித் துறவியரிடமிருந்து வாங்கினார்கள், மறைநூல் படியெடுக்க. 700ஆம் ஆண்டில் மிந்தார் எழுத்தர்கள் எசாலியிலிருந்து வாங்கினார்கள், வரிக் கணக்கு எழுத.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மிந்தார் எழுத்து உமரியின் மகள் அல்ல, பேத்தி. மூன்று கிளைகளும் ஒரே தண்டிலிருந்து ஒரே இடத்தில் முளைக்கும் மரம் பொம்மை மரம்.

இரண்டாவது இன்னும் முக்கியம்: தாயும் சும்மா இருக்கவில்லை. 150ஆம் ஆண்டின் உமரியும் 400ஆம் ஆண்டின் உமரியும் ஒன்றல்ல. பிராமி எழுத்துகளின் உச்சியில், உளியோ பேனாவோ முதலில் பதிந்த இடத்தில், நாளடைவில் சிறு தடிப்பு தோன்றியது. ஆணித்தலைபோல, சில வட்டாரங்களில் சிறு பெட்டிபோல. வடக்கே அது நீண்டு தேவநாகரியின் தலைக்கோடாயிற்று. தெலுங்கு எழுத்துகளின் தலையில் உள்ள 'தலகட்டு' என்ற சிறு குறியும் அந்த வழியில் வந்ததுதான். நமது உமரிக்கும் 300ஆம் ஆண்டு வாக்கில் ஒரு தலைத்தடிப்பு கொடுப்போம். தொவா எழுத்தில் அது இருக்காது. எசாலியிலும் மிந்தாரிலும் அதன் சுவடு இருக்கும். எந்த எழுத்து எப்போது பிரிந்தது என்பதை வாசகன் வடிவத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

நோட்டில் தாய்க்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள்: பழைய உமரி, பிந்தைய உமரி.

4. எழுதுபொருளை மாற்றுங்கள்

வடிவ மாற்றத்துக்கு மிக வலிய காரணம் கை எதைப் பிடித்திருக்கிறது, எதன் மேல் எழுதுகிறது என்பதுதான். ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்தியதால் மெசொப்பொத்தேமிய எழுத்து ஆப்பு வடிவமானது. வடஐரோப்பிய ரூனிக் எழுத்துகள் நிலைக்கோடும் சாய்கோடுமாகவே இருப்பதற்கு, மரத்தின் இழையோட்டத்தோடு வெட்டப்படும் கிடைக்கோடு தெரியாமல் போய்விடும் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். ஓலையில் எழுத்தாணியால் நீளவாக்கில் அழுத்திக் கோடு கிழித்தால் ஓலை கீறிவிடும். பர்மிய, சிங்கள, ஒடியா எழுத்துகள் உருண்டு திரண்டதற்கு இது காரணம் என்பார்கள். ஒடியாவில் தலைக்கோடே வளைந்து குடையாகிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓலை என்றால் உருண்டை, கல் என்றால் கோணம் என்று வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழும் பல நூற்றாண்டுகள் ஓலையில்தான் எழுதப்பட்டது. ட இன்னும் நேர்கோணத்தோடுதான் நிற்கிறது. ப பிராமியில் இருந்த வடிவத்திலிருந்து அதிகம் விலகவே இல்லை. பொருள் ஒரு பக்கம் தள்ளும். பழக்கமும் பெருமிதமும் எதிர்ப்பக்கம் இழுக்கும். உங்கள் எழுத்திலும் அந்த இழுபறி தெரிய வேண்டும்.

இனி நம் மூன்று எழுத்துகளையும் இயக்கிப் பார்ப்போம்.

தொவா மக்கள் கணக்குக் கோல்களில் கத்தியால் வெட்டுகிறார்கள். இழை கிடையாக ஓடுகிறது. விதி: கிடைக்கோடு எதுவானாலும் வலப்பக்கம் கீழே சரியும். க-வின் உச்சிக்கோடு சரிந்தது. த-வின் நடுக்கோடு சரிந்தது. ப-வில்தான் சிக்கல். அதன் கோடு ஏற்கெனவே அடியில் இருக்கிறது. கீழே சரிந்தால் கோலின் விளிம்பைத் தாண்டிவிடும். எனவே அது மட்டும் மேல்நோக்கிச் சாய்ந்தது. பாருங்கள், ஒரே விதி தானாகவே ஒரு விலக்கைப் பெற்றுவிட்டது. இப்படி வரும் விலக்குகளைத் திருத்தாதீர்கள். இவைதான் உங்கள் எழுத்தின் சொத்து.

எசாலிக்குப் போனது தலைத்தடிப்பு உள்ள பிந்தைய உமரி. பனையோலை, இரும்பு எழுத்தாணி. விதி: எழுத்தாணியைத் தூக்காமல் எழுத வேண்டும், மூலைகள் வளையும். ப-வின் அடிக்கோடு மேலே வளைந்து கிண்ணமானது. த-வின் நடுக்கோடு திரும்பி வந்து சிறு சுழியானது. க? அதன் உச்சிக்கோடும் தலைத்தடிப்பும் ஒரே இடத்தில் வருகின்றன. விட்டுவிட்டால் க என்பது தலை தடித்த வெறும் நிலைக்கோடாகத் தெரியும். எழுத்தர்கள் விட மாட்டார்கள். உச்சிக்கோட்டை நீட்டிக் கீழே இறக்கிக் கொக்கியாக்கினார்கள். குழப்பம் வரும் இடத்தில் மட்டும் மிகைப்படுத்துவது எழுதுகிறவர்களின் இயல்பு.

மிந்தார் எழுத்தர்கள் நாணல் பேனாவால் காகிதத்தில் வேகமாக எழுதுகிறார்கள். விதி: சொல் முழுவதும் பேனா எடுக்காமல் எழுதப்படும். எசாலி எழுத்துகளின் நிலைக்கோடுகள் எல்லாம் ஒன்றாகி ஒரே தண்டாகின்றன. க-வின் கொக்கி, த-வின் சுழி, ப-வின் கிண்ணம் மூன்றும் அந்தத் தண்டில் ஒரு பல்லாகத் தேய்ந்துவிட்டன. சொல்லின் நடுவில் மூன்றுக்கும் வேறுபாடே இல்லை! சொல் முடிவில் மட்டும் க-வுக்கு வளைந்த வால், ப-வுக்கு நீண்ட வால், த-வுக்கு வால் இல்லை.

இது மிகையல்ல. அரபி எழுத்தின் முன்னோரில் இதேதான் நடந்தது. வேறு வேறாக இருந்த பல எழுத்துகள் தேய்ந்து ஒரே வடிவமாயின. ப, த, ந, ய ஆகியவை சொல்லின் நடுவில் ஒரே பல்தான்; மேலும் கீழும் இடும் புள்ளிகளே அவற்றைப் பிரிக்கின்றன. மிந்தாருக்கும் புள்ளி தேவைப்படும். ஆனால் உடனே அல்ல; அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தப் படியைக் கணினியில் செய்யாதீர்கள். கிளை ஒன்றுக்கு ஒரு கருவியை உண்மையிலேயே கையில் எடுங்கள். சோப்புக் கட்டியில் ஆணியால் கீறலாம். ஐஸ்கிரீம் குச்சியில் பேனாக்கத்தியால் வெட்டலாம். மூங்கிலைச் சீவி மையில் தோய்க்கலாம். ஓலை கிடைத்தால் மிக நல்லது. ஒரே சொல்லை ஒரு பக்கம் முழுவதும் விரைவாக எழுதுங்கள். கடைசி வரியில் கை தானாகச் செய்த சுருக்கங்கள்தாம் உங்கள் புதிய வடிவம்.

5. பொருந்தாத ஒலிகளோடு மல்லுக்கட்டுங்கள்

அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வது போன்றதுதான் எழுத்தைக் கடன் வாங்குவது. தோள் தொங்கும், கை நீளும், ஒரு பொத்தான் எதற்கென்றே தெரியாது. வாங்குகிறவர்கள் பொதுவாக நான்கு வழிகளில் சமாளிக்கிறார்கள்.

தேவையில்லாததை விட்டுவிடுவது முதல் வழி. பிராமி தமிழுக்கு வந்தபோது வருக்க எழுத்துகள் (வடமொழியில் க, ச போன்ற ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக உள்ள எழுத்துகள்) கழிந்தன. தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குப் புதிய வடிவங்கள் சேர்ந்தன. தேவையில்லாததை வேறு ஒலிக்கு வேலைக்கு வைப்பது இரண்டாவது. பினீசிய எழுத்தில் உயிர்களே இல்லை. கிரேக்க மொழிக்குத் தேவையில்லாத தொண்டை ஒலி எழுத்துகள் சில சும்மா கிடந்தன. கிரேக்கர் அவற்றை அ, எ, ஒ என்ற உயிர்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இருக்கும் எழுத்தில் கோடோ புள்ளியோ சேர்ப்பது மூன்றாவது. பாரசீகர் அரபி எழுத்தில் இல்லாத தம் நான்கு ஒலிகளுக்குப் புள்ளிகளும் கோடும் கூட்டிக்கொண்டார்கள். நான்காவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது! வடஐரோப்பாவில் 24 எழுத்தாக இருந்த ரூனிக் வரிசை, 8ஆம் நூற்றாண்டு வாக்கில் 16 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் மொழியின் உயிரொலிகள் பெருகிக்கொண்டிருந்தன. ஓர் எழுத்து பல ஒலிகளைச் சுமந்தது, வாசிப்பவர்கள் ஊகித்துக்கொண்டார்கள். தொடக்கக்காரர்கள் இந்த நான்காம் வழியைத் தொடுவதே இல்லை. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற ஒழுங்கின் மேல் அவ்வளவு ஆசை.

தொவாவில் ட ஒலி இல்லை, ழ உண்டு. எனவே ட எழுத்தை ழ-வுக்கு வைத்துக்கொண்டார்கள். ஹ எழுத்து சும்மா இருக்கிறது, எ-வுக்கு எழுத்து இல்லை. கிரேக்கரைப் போல அதை உயிராக்கிவிட்டார்கள். எசாலியில் ச-வுக்கு ஒரு கோடு கூட்டி ஜ, ப-வின் கிண்ணத்தில் ஒரு சுழி கூட்டி ஃப. ச, ஸ இரண்டும் ஒரே ஒலிதான் என்றாலும் மறைநூலில் இருக்கும் எழுத்தை விட எசாலித் துறவிகளுக்கு மனம் வராது; இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். எந்தச் சொல்லுக்கு எது என்று மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். தாய்லாந்து எழுத்தில் 44 மெய்யெழுத்துகள் இருக்கின்றன. சொல்லின் தொடக்கத்தில் வரும் மெய்யொலிகள் 21 மட்டுமே. அந்தக் குழந்தைகளின் பாடு எசாலிக் குழந்தைகளுக்கும்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். மிந்தாரில் ஃப ஒலி கிடையாது. ஆனால் எசாலியிலிருந்து வாங்கியதால் ஃப எழுத்தும் கூடவே வந்துவிட்டது. வெளியூர்ப் பெயர்களை எழுத மட்டும் அதை வைத்திருக்கிறார்கள். உமரியில் இல்லாத அந்த எழுத்து மிந்தாரில் இருப்பது ஒன்றே போதும், அவர்கள் எந்த வழியாக வாங்கினார்கள் என்பதற்குச் சாட்சி.

லத்தீனில் இதற்கு நேரான சான்று உண்டு. கிரேக்கத்தின் மூன்றாம் எழுத்து 'காமா' அதிர்வொலியை, அதாவது 'தங்கம்' என்பதில் வரும் க போன்ற ஒலியை, குறித்தது. பழைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர் மொழியில் அந்த அதிர்வொலியே இல்லை. அவர்கள் அந்த எழுத்தை வல்லின க-வுக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கைவழியாக ரோமுக்கு வந்ததால்தான் லத்தீனின் மூன்றாம் எழுத்து 'சி' க-வானது. ரோமானியருக்கு இரண்டு ஒலிகளுமே தேவை. பின்னர் சி-யில் ஒரு சிறு கோடு சேர்த்து 'ஜி' என்ற எழுத்தைச் செய்தார்கள். ஸ்பூரியுஸ் கார்விலியுஸ் என்பவர் செய்தது என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் கையுஸ், க்னேயுஸ் என்ற பெயர்களைச் சுருக்கும்போது மட்டும் பழைய சி எழுத்தையே போட்டார்கள். இப்படி ஒரே ஒரு பழைய வழக்கை உங்கள் உலகிலும் ஓர் ஓரத்தில் விட்டுவையுங்கள். பக்கம் பக்கமாக வரலாறு எழுதுவதைவிட அது நம்பவைக்கும்.

6. வரிசை, பெயர், எண்

எழுத்து வடிவத்தோடு வரிசையும் பெயரும் பயணம் செய்யும். உமரியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருளின் பெயர் இருந்தால், மகள் மொழிகளில் அந்தப் பெயர் பொருளிழந்து வெறும் ஒலியாக நிற்கும். பினீசியரின் 'அலெஃப்' காளை. கிரேக்கரின் 'ஆல்ஃபா'வுக்குக் கிரேக்கத்தில் வேறு பொருள் கிடையாது.

புதிய எழுத்தை வரிசையில் எங்கே செருகுவது? கடைசியில் சேர்க்கலாம், ஒத்த வடிவத்துக்குப் பக்கத்தில் சேர்க்கலாம், காலியான இடத்தில் அமர்த்தலாம். லத்தீன் வரிசையின் ஏழாம் இடத்தில் முதலில் இருந்தது 'இசட்'. தேவைப்படாமல் அது வெளியேற, அந்த இடத்தில் ஜி அமர்ந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்கச் சொற்களை எழுத இசட் மீண்டும் தேவைப்பட்டபோது இடம் பறிபோயிருந்தது. கடைசியில் போய் நின்றது. இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

எழுத்துகளை எண்ணாகவும் பயன்படுத்தும் நாடாக இருந்தால் இன்னொரு வசதி. வழக்கொழிந்த எழுத்தும் எண்ணாக உயிர்வாழும். கிரேக்கத்தில் வ ஒலிக்கான எழுத்து மறைந்த பிறகும் 6 என்ற எண்ணாக நீடித்தது.

7. திசை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வலமிருந்து இடம் எழுதிய எழுத்தை இடமிருந்து வலம் திருப்பினால் வடிவங்கள் கண்ணாடிப் பிம்பமாகும். பழைய கிரேக்கர் வரிக்கு வரி திசை மாற்றி, உழவு சால்போல எழுதிய காலமும் உண்டு. மங்கோலிய எழுத்து வலமிருந்து இடம் ஓடிய முன்னோரைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்தது. அதனால்தான் மேலிருந்து கீழ் ஓடும் அதன் வரிகள் இடமிருந்து வலமாக அடுக்கப்படுகின்றன. மிந்தாரையும் அப்படியே திருப்பிவிடுங்கள். செலவில்லாமல் பெரிய மாற்றம்.

8. காலத்தை ஓடவிடுங்கள்

எழுத்தை வாங்கியதோடு கதை முடியவில்லை. பேச்சு மாறிக்கொண்டே போகும். எழுத்துக்கூட்டல் அதே இடத்தில் நிற்கும். திபெத்திய மொழியில் எட்டு என்ற சொல்லை ப, ர, க, ய, த என ஐந்து மெய்யெழுத்துகளால் எழுதுகிறார்கள். லாசாவில் அது ஓரசையாக, முன்னும் பின்னும் உள்ளவை கரைந்துபோய் ஒலிக்கிறது. எசாலிக்கு இதில் பாதியாவது கொடுங்கள். மறைநூல் எழுத்து அது, சுலபமாக மாறாது.

சில சமயம் எழுதுகிறவர்களே குறியை விட்டுவிடுவார்கள். மெய்க்கும், எ, ஒ என்ற குறில்களுக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. ஓலையில் எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் இடவில்லை. காலும் ர-வும் ஒன்றுபோல் இருந்தன. ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டால் எ-வா ஏ-வா, ர-வா ர்-ஆ, நெடிலுக்கான காலா என்று ஒவ்வோர் இடத்திலும் பொருளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டில் பாதி இதுதான். உங்கள் கதையில் ஓர் உயில், ஓர் ஒப்பந்தம், ஒரு தீர்க்கதரிசனம் இருக்குமானால் இந்தச் சிறு தெளிவின்மை ஓர் அத்தியாயத்தையே தாங்கும்.

பிறகு சீர்திருத்தம் வரும். மஞ்சு மக்களுக்காக 1599இல் அவர்களின் தலைவர் நூர்ஹாச்சியின் கட்டளைப்படி மங்கோலிய எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். பல ஒலிகளுக்கு ஒரே வடிவம் என்ற தொல்லையும் கூடவே வந்தது. 1632இல் தஹாய் என்ற அறிஞர் புள்ளிகளும் சிறு வட்டங்களும் சேர்த்து அதைத் தெளிவாக்கினார். இடையில் 33 ஆண்டுகள் புள்ளியில்லாமலே ஓட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மிந்தாருக்கும் நூறு ஆண்டாவது புள்ளியில்லாத காலம் இருக்கட்டும். பிறகு க-வுக்கு ஒரு புள்ளி, த-வுக்கு இரண்டு, ப-வுக்கு எதுவும் வேண்டாம். பழைய எழுத்தர்கள் புள்ளியை இழிவாகக் கருதட்டும். பள்ளிப் பிள்ளைகள் மட்டும் போடட்டும்.

சீர்திருத்தம் என்றால் எதிர்ப்பும் தாமதமும் உண்டு. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட எழுத்து மாற்றங்களைத் தமிழக அரசு ஆணையாக வெளியிட்டது 1978இல். அதற்குப் பிறகும் பழைய துதிக்கை ‘லை’யைக் கையால் எழுதியவர்கள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். உங்கள் உலகில் ஒருவர் எந்த ‘லை’ எழுதுகிறார் என்பதை வைத்தே அவருடைய வயதும் கட்சியும் தெரிய வேண்டும்.

9. சோதனை

ஒரே சொல்லை நான்கு எழுத்திலும் நான்கு சீட்டில் எழுதுங்கள். பிறகு பத்துத் தனி எழுத்துகளை எடுத்து, இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்து இனத்தை இனத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் கிளைகள் போதிய அளவு பிரியவில்லை. இன்னும் முந்நூறு ஆண்டு ஓட்டுங்கள். ஒன்றையும் சேர்க்க முடியாவிட்டால் விதியை மறந்து அழகுக்காக வரைந்திருக்கிறீர்கள். மூன்று, நான்கு சேர்ந்து, ஒன்றில் ஏமாந்தால் நல்ல குடும்பம். ஏமாற்றும் ஒற்றுமைகளும் வேண்டும்: தொவாவின் ஓர் எழுத்தும் எசாலியின் வேறோர் எழுத்தும் தற்செயலாக ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம். சிரில்லிக்கில் லத்தீன் 'பி' போலத் தெரிவது ர. அது கிரேக்க 'ரோ'வின் பிள்ளை. பயணிகள் பெயர்ப்பலகையைத் தப்பாகப் படித்து வேறு ஊரில் இறங்கும் காட்சிக்கு இது போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு கிளையில் எல்லா எழுத்தும் ஒரே அளவு மாறியிருந்தால் ஐயப்பட வேண்டும். அடிக்கடி வரும் எழுத்து அதிகம் தேயும். அரிதாக வரும் எழுத்து பழைய கோலத்திலேயே நிற்கும். மன்னர் பெயரில் மட்டும் வரும் எழுத்துக்குக் கல்வெட்டுக் கால வடிவமே இருக்கட்டும்.

10. கணினிக்குக் கொண்டுபோகும்போது

எல்லாம் கையில் எழுதிப் பழகி, வடிவம் நிலைபெற்ற பிறகே எழுத்துரு. பென்சில் வடிவத்தை ஸ்கேன் செய்து இங்க்ஸ்கேப்பில் கோடுகளாக்கி, ஃபான்ட்ஃபோர்ஜில் கோக்கலாம், இரண்டுமே இலவச மென்பொருள்கள். யூனிகோடில் இப்படிப்பட்ட சொந்த எழுத்துகளுக்கென்றே தனிப்பயன் பகுதி ஒன்று உண்டு. அதன் முதன்மைத் தொகுதியில் 6,400 இடங்கள். நான்கு எழுத்துமுறைகளுக்கும் தாராளமாகப் போதும். ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் நூறு இடம் ஒதுக்கி, ஒரே மூலத்திலிருந்து வந்த எழுத்துகளுக்கு நான்கு தொகுதியிலும் ஒரே வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒப்பிடுவது எளிது. புதிதாகச் சேர்ந்த ஜ, ஃப போன்றவற்றுக்கு ஐம்பதுக்கு மேல் எண் கொடுங்கள்.

மிந்தார் மட்டும் வேலை வாங்கும். சொல்லின் முதல், நடு, கடை என ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வடிவங்கள் வரைய வேண்டும். தானாக வடிவம் மாறும் நுட்பத்தைக் கற்றுக்கொள்ள நேரமில்லாவிட்டால் மூன்றுக்கும் தனித்தனி இடம் கொடுத்துக் கையால் தேர்ந்தெடுங்கள். மேலிருந்து கீழ் எழுதும் வசதி பல மென்பொருள்களில் சரியாக வராது. எழுத்துகளைப் படுக்கை நிலையிலேயே வரைந்து, வழக்கம்போல இடமிருந்து வலம் தட்டச்சு செய்து, பெட்டியை மட்டும் வலப்பக்கமாகத் தொண்ணூறு பாகை திருப்புங்கள். அப்படித் திருப்பினால் இரண்டாம் வரி முதல் வரிக்கு இடப்பக்கம் போய்விடும். மிந்தார் வரிகள் இடமிருந்து வலமாக அடுக்கப்பட வேண்டும் என்பதால், வரிக்கு ஒரு பெட்டி வைத்து நீங்களே அடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.